ஜனவரியில் நீஸ் நகரம்: அத்தையை அழைத்துக்கொண்டு போகலாமா?

மேக்கரைக்காரி:

வணக்கம். பிரான்சின் தென்கரையில், மத்தியதரைக் கடலை ஒட்டிய நீஸ் நகரத்தில் எங்கள் மகள் வேலை பார்க்கிறாள். ஜனவரி நடுவிலிருந்து சில வாரங்கள் அவளுக்கு வேலை குறைவாம். அப்போது வந்துவிடுங்கள் என்கிறாள். நான், கணவர், அத்தை மூவரும் கிளம்புவதாக இருக்கிறோம். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. முட்டிவலி உண்டு. முட்டைகூடத் தொடமாட்டார்கள். ஆனால் ஊர் பார்க்கும் ஆசையில் எங்கள் இருவரையும் மிஞ்சியவர்கள்.

தென்காசியில் விமான டிக்கெட் விசாரிக்கப் போன இடத்தில் சிரித்துவிட்டார்கள். "கடற்கரை ஊருக்குக் குளிர்காலத்தில் யார் போவார்கள்? கடையெல்லாம் அடைத்துக் கிடக்கும். அப்படியே போவதென்றாலும் நவம்பரில் போங்கள், டிக்கெட்டாவது மலிவு" என்றார்கள். அன்றிலிருந்து கணவர் ஊசலாடிக்கொண்டிருக்கிறார். பிரானூர் பார்டரில் புரோட்டா தின்னும்போதுகூட இதே பேச்சுதான்.

போய்வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். குளிர் தாங்குமா? மார்கழிப் பனிக்கே அத்தை மப்ளர் சுற்றிக்கொள்வார்கள். நவம்பரா, ஜனவரியா? மகள் இருப்பது ஒற்றை அறை, அதனால் எங்களுக்குத் தனியாக வீடு பார்த்திருக்கிறாள். பழைய நகரத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு. சிமியே என்ற மேட்டுப் பகுதியில் இன்னொன்று. வாடகை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்குக் கடல் பக்கம்தான் மனம் போகிறது. அத்தைக்குச் சாப்பாடு என்ன செய்வது என்பதும் தெரியவில்லை.

புளியரைச் செக்போஸ்ட்:

அக்கா, நான் சொகுசுக் கப்பலில் சமையல் பகுதியில் இருந்தவன். அந்தக் கரை முழுக்கப் பார்த்திருக்கிறேன். குளிர்காலத்தில் கடலோர உணவுக்கூடங்கள் பாதி மூடியிருக்கும், மழை அடிக்கும், நாலரை மணிக்கே வெளிச்சம் மங்கும். தண்ணீரில் கால் வைக்க முடியாது. அவ்வளவு பணம் போட்டுப் போய் ஸ்வெட்டருக்குள் சுருண்டு உட்காருவதற்குக் கேரளத்து வாகமண் மலையே போதும். மே மாதம் போங்கள். மகள் ஒரு வாரம் விடுப்புப் போட்டால் தீர்ந்தது.

கழுதுருட்டி ஸ்டேஷன்:

அம்மா, செக்போஸ்ட் தம்பி சொன்னதில் மழை உண்மை, மாதம்தான் மாறிப்போய்விட்டது. என் மகளும் மருமகனும் அங்கே குடியிருந்த காலத்தில் நானும் வீட்டுக்காரியும் குளிர்காலத்தைப் பெரும்பாலும் நீசில்தான் கழித்தோம். கோடையில் போனதில்லை, போகும் ஆசையும் இல்லை.

அந்த நகரம் குளிர்காலத்துக்காகவே கட்டப்பட்டது. குற்றாலத்துக்குச் சாரல் எப்படியோ அப்படித்தான் நீசுக்குக் குளிர்கால வெயில். அதை நம்பித்தான் ஊரே எழுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே இங்கிலாந்துக்காரர்கள் நெஞ்சு நோய்க்கு மருந்தென்று அந்த வெயிலைத் தேடி வந்தார்கள். 1820-21 குளிர்காலத்தில் கடும் பனி விழுந்து ஆரஞ்சு மரங்கள் கருகின. வேலையிழந்தவர்கள் கையேந்தி நின்றபோது, அங்கே தங்கியிருந்த ஆங்கிலேயர்கள் பணம் திரட்டி, அவர்களுக்குக் கூலி கொடுத்துக் கடலோரமாக ஒரு பாதை போடவைத்தார்கள். இன்று ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறதே ப்ரொமெனாத் தெஸ் ஆங்லே, அதன் தொடக்கம் அதுதான். அப்போது ஊர் பிரான்சிலேயே இல்லை, சார்டினிய அரசருக்குச் சொந்தம். 1860-இல்தான் பிரான்சோடு நிலையாகச் சேர்ந்தது. 1864-இல் ரயில் வந்தது. (ரயில்வேயில் சம்பளம் வாங்கியவனுக்கு ரயில் வந்த ஆண்டு மட்டும் மறப்பதில்லை.) அதன் பிறகு ரஷ்யப் பிரபுக்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். விக்டோரியா மகாராணி 1890-களின் கடைசியில் சிமியே மேட்டில் வந்து தங்குவார். அவரை மனத்தில் வைத்தே எழுப்பிய ரெஜினா ஓட்டல் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பாக நிற்கிறது. ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1897-98 குளிர்காலத்தை அங்கேதான் கழித்தார், அவருக்கும் நுரையீரல்தான். அந்தக் காலத்தில் ஓட்டல்களைப் பூட்டியது கோடையில்! வெயிலில் கிடந்து கடலில் குளிக்கும் மோகமெல்லாம் 1920-களில் வந்தது. 2021-இல் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் நீசைச் சேர்த்தபோது ரிவியேராவின் (அந்தக் கடற்கரைக்கு அதுதான் பெயர்) குளிர்கால வாச நகரம் என்றுதான் சேர்த்தது. தென்காசியில் சிரித்தவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விகள்.

நவம்பர் வேண்டாம். அந்தக் கரையில் மழை கொட்டுவது அக்டோபரிலும் நவம்பரிலும்தான். ஜனவரியில் மழைநாள் குறைவு, வெயில் நாள் அதிகம். பகலில் 12, 13 டிகிரி. இரவில் 5, 6. வடக்கே ஆல்ப்ஸ் மலை மறித்து நிற்பதால் உள்நாட்டுக் குளிர்காற்று ஊருக்குள் அவ்வளவாக இறங்குவதில்லை. காற்றில்லாத நாளில் பதினொரு மணிக்குக் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். அப்படி உட்காருவதற்கென்றே பாதை நெடுக நீல நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள், காசு கிடையாது. ஆனால் சூரியன் மறைந்த மறு நிமிடம் குளிர் ஏறும். ஜனவரி நடுவில் விடிவது எட்டு மணிக்கு, மறைவது ஐந்தேகாலுக்கு. அதனால் பதினொன்றிலிருந்து மூன்று வரைதான் அத்தையின் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்குக் குளித்துக் கிளம்பி நிற்கும் நம் ஊர்ப் பழக்கம் அங்கே எடுபடாது. வெளியே இருட்டுத்தான் இருக்கும்.

வீட்டு விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: சிமியே. பழைய நகரத்துச் சந்துகளைப் பார்த்தால் நீங்கள் மயங்கிவிடுவீர்கள், மஞ்சளும் காவியும் பூசிய சுவர், பச்சைச் சன்னல் கதவு, கொடியில் துணி. ஆனால் ஐந்தாறு மாடிச் சுவர்களுக்கு நடுவே இரண்டு பேர் தோள் உரசிப் போகும் சந்து அது, கோடை வெயிலை உள்ளே விடாமல் இருக்கக் கட்டியது. ஜனவரியில் உச்சி வேளைக்கும் சூரியன் தொடுவானத்திலிருந்து இருபத்தைந்து டிகிரிதான் ஏறும். அந்தச் சந்துக்குள் அது எப்படி இறங்கும்? கீழ்த்தளம் முழுக்க ஓதம் காத்துக் கிடக்கும். பெரும்பாலான கட்டடங்களில் லிப்டும் கிடையாது, செங்குத்தான கல் படிக்கட்டு. முட்டிவலிக்காரரை அங்கே ஏற்றி இறக்க உங்கள் கணவருக்குத் தெம்பு இருந்தால் போங்கள்.

வாடகைக்காரரிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள் மகளை. சன்னல் தெற்குப் பார்த்ததா? லிப்ட் உண்டா? அறையைச் சூடாக்கும் செலவு வாடகையில் சேர்ந்ததா, தனியா? கடல் எத்தனை மீட்டர் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளலாம். வெயில் விழாத வீட்டைத் தேடும் கண் நமக்கு. அங்கே வெயில் விழும் வீட்டைத் தேட வேண்டும். தெற்குப் பார்த்த சன்னலுக்குப் பகலில் சூடேற்றியே வேண்டாம்.

சிமியேயில் பஸ் வசதி உண்டு, நகர நடுவுக்கு இறங்குமுகம்தான். மேட்டிலேயே ரோமர் காலத்து இடிபாடுகள், ஆலிவ் மரத் தோப்பு, மடாலயத் தோட்டம், பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ஓவியக்கூடம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. தோப்பு சமதரை, நிறைய பெஞ்சு. ஓவியக்கூடத்துக்குச் செவ்வாய் விடுமுறை. மத்தீஸ் 1917 டிசம்பரில் நீசுக்கு வந்தபோது நாள் தவறாமல் மழை. இனி இருந்து பயனில்லை என்று மூட்டை கட்டியவர், மறுநாள் வானம் வெளுத்ததைப் பார்த்துத் தங்கிவிட்டார். 1954-இல் இறந்ததும் அங்கேதான், கல்லறை சிமியேயில் இருக்கிறது. ஆகவே மழை வந்தால் ஒருநாள் பொறுக்கச் சொல்லுங்கள்.

கடற்கரையில் மணல் என்று நினைத்துப் போகாதீர்கள். முழுக்கக் கூழாங்கல், கரை சட்டென்று சரியும். அத்தை மேல் பாதையோடு நிற்கட்டும். குளிர்காலத்தில் சில நாள் கடல் பொங்கிக் கல்லையெல்லாம் பாதைமேல் வாரி எறியும். அன்றைக்குக் கயிறு கட்டி மறித்துவிடுவார்கள், தாண்டிப் போக வேண்டாம்.

புளியரைச் செக்போஸ்ட்:

அண்ணாச்சி, மகாராணி கதையெல்லாம் சரி. இராத்திரி ஏழு மணிக்கு மேல் அந்த ஊரில் என்னதான் செய்தீர்கள்?

கழுதுருட்டி ஸ்டேஷன்:

தூங்கினோம் தம்பி.

தென்மலை வீட்டம்மா:

சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன், அங்கே சமைத்துப் பழகிய கை இது.

அத்தைக்கு அந்த ஊரில் ஒரு பலகாரம் காத்திருக்கிறது, பெயர் சோக்கா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. வேறொன்றுமில்லை, முட்டையும் பாலும் கிடையாது. வண்டிச் சக்கரம் அளவு செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் வேகவைத்து, ஓரம் முறுகியதும் சுரண்டிப் போட்டு, மிளகுத்தூள் தூவித் தருவார்கள். ஆறினால் ரப்பர், சுடச்சுட நின்றுகொண்டே தின்ன வேண்டும். அதே மாவைக் கெட்டியாகக் கிண்டி ஆறவைத்துத் துண்டு போட்டுப் பொரித்தால் பனிஸ். பொரிக்கிற எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏமாற்றுகிற பண்டமும் உண்டு. பிசாலாதியேர் என்று வெங்காயம் பரப்பிய ரொட்டி. பார்த்தால் சுத்த சைவம், ஆனால் அதில் நெத்திலி போன்ற ஆஞ்சோவி மீன் இருக்கும். பான் பன்யா என்ற ரொட்டிக்குள் சூரை மீனும் முட்டையும். ஜனவரி முழுக்கக் கடைகளில் மூன்று ராஜாக்கள் கேக் அடுக்கியிருப்பார்கள். தென்பகுதியில் அது வளைய ரொட்டி, மேலே சர்க்கரைப் பாகில் ஊறிய பழம். முட்டை சேர்ந்ததால் அத்தைக்கு ஆகாது. உங்கள் கணவர் சாப்பிடட்டும், ஆனால் மெதுவாகக் கடிக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு பீங்கான் பொம்மை ஒளித்துவைத்திருப்பார்கள், அது கிடைத்தவர்தான் அன்றைக்கு ராஜா. பல் போனால் யாரும் ராஜாவாக மதிக்கமாட்டார்கள்.

மூடிக் கிடக்கும் என்று பயமுறுத்துகிறார்களே, அதில் கொஞ்சம் நிஜம் உண்டு. சிறிய உணவகங்கள் பல நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையே வருடாந்திர விடுமுறை எடுத்துக் கதவில் தாள் ஒட்டிவிடும். திறந்திருப்பவையும் மதியம் இரண்டு மணியோடு அடுப்பை அணைத்தால் ஏழுக்குத்தான் மூட்டும். மூன்று மணிக்குப் பசித்தால் வீடுதான் கதி. அடுப்படி உள்ள வீடாகத்தான் எடுக்கிறீர்கள், கவலை வேண்டாம். பாசுமதி அரிசி, மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, தயிர் எல்லாம் சாதாரண பல்பொருள் அங்காடியிலேயே கிடைக்கும். புளி, பெருங்காயம், சாம்பார்ப்பொடி, பருப்புப்பொடி நம் பெட்டியில் போகட்டும்.

எதைக் கொண்டுபோகக் கூடாது என்பது முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் எடுத்துப்போகத் தடை. நெய், பால்கோவா, திரட்டுப்பால் எதுவும் வேண்டாம். மகளுக்கு ஆசையாகக் கிண்டி எடுத்துப் போய்ச் சுங்கத்தில் குப்பையில் போடுவதைப் பார்க்கச் சகிக்காது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. செடி, இலை, பழம் எல்லாவற்றுக்கும் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. நேந்திரங்காய் வறுவல் தாராளமாக எடுத்துப் போங்கள்.

பழைய நகரத்தில் கூர் சலேயா சந்தை காலையில் கூடும். திங்கட்கிழமை மட்டும் காய்கறி கிடையாது, பழம்பொருள் கடை பரப்புவார்கள். குளிர்காலத்தில் மாந்தோன் ஊர் எலுமிச்சை, மாண்டரின், ஊதா நிறக் குட்டி ஆர்ட்டிசோக் (மொட்டைச் சமைத்துத் தின்னும் காய்), தண்டுக்கீரை போலச் சமைக்கலாகும் பிளெட் கீரை எல்லாம் புதிதாக வரும். தெருவோர மரங்களில் ஆரஞ்சு காய்த்துத் தொங்கும், பறித்துத் தின்று பார்க்காதீர்கள், கசப்பு ஆரஞ்சு அது. நான் சந்தையில் அந்தக் கசப்பு ஆரஞ்சை வாங்கிச் சுருளாக நறுக்கி உப்பில் அடைத்துவைத்தேன். மாதக் கடைசியில் தயிர்ச்சாதத்துக்கு அதுதான் ஓடியது. அத்தை போன்றவர்களுக்கு இப்படி ஒரு வேலை கொடுத்துவிட்டால் ஊர் ஒட்டிவிடும்.

மேக்கரைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. சிமியே என்று மகளுக்குச் சொல்லிவிட்டேன், சன்னல் தெற்குப் பார்த்ததுதானாம். சோக்கா செய்முறையை அத்தை என்னிடம் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம். பிப்ரவரியில் பெரிய திருவிழா உண்டென்று மகள் சொல்கிறாள், அதற்காகத் தங்கும் நாட்களை நீட்டலாமா? கணவர் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) ரயில் காலத்திலிருந்தே ரயில் பைத்தியம். அவருக்கு அங்கே என்ன இருக்கிறது? விசாவுக்கு மகள் நகராட்சியில் ஏதோ சான்று வாங்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், அது வேண்டுமா?

கழுதுருட்டி ஸ்டேஷன்:

உங்கள் கணவரைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா. செங்கோட்டை – புனலூர் மீட்டர்கேஜ் 1904-இல் வந்தது, 2010-இல் ஓட்டம் நின்று, அகலப்பாதையாகி 2018-இல் திரும்பியது. நான் வேலை பார்த்த தடம் அது. நீசில் இன்னும் மீட்டர்கேஜ் ஓடுகிறது! மலைக்குள் இருக்கும் தீன் நகரம் வரை 151 கிலோமீட்டர், முழுத் தடமும் 1911-இல் முடிந்தது. பெரிய ரயில் நிலையத்தில் போய்த் தேடாதீர்கள், அதற்கு வடக்கே தனி நிலையம். வார் ஆற்றை ஒட்டி ஏறும், குகை, பாலம், வளைவு எதற்கும் குறைவில்லை. தீன் வரை போனால் ஒருவழிக்கே மூன்றரை மணி நேரம் ஆகும். ஒன்றரை மணி நேரத்தில் வரும் ஆந்த்ரவோ ஊரில் இறங்கித் திரும்பலாம். ஆற்றுப் பாலத்தின் முனையில் கோட்டை வாசல், செங்குத்துப் பாறை உச்சியில் கோட்டை. அத்தை கீழே ஊருக்குள் இருக்கட்டும். மலைக்குள் வெயில் சீக்கிரம் போய்விடும், கூடுதலாக ஒரு கம்பளி வேண்டும். மண் சரிவால் தடத்தில் ஒரு பகுதியை நிறுத்தி பஸ் விடுவதும் வழக்கம், முதல் நாளே நிலையத்தில் கேட்டுவிட வேண்டும். முதல் பெட்டியில் ஓட்டுநருக்குப் பின்னால் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கடலோர ரயில் வேறு. பெரிய நிலையத்திலிருந்து கிழக்கே வில்ஃப்ரான்ஷ், மொனாக்கோ, மாந்தோன் என்று இத்தாலி எல்லைவரை போகும். வலப்பக்கச் சன்னல் பிடியுங்கள். மாந்தோன் நீசைவிட இன்னும் ஒரு பிடி கதகதப்பு, அதனால்தான் அங்கே எலுமிச்சை விளைகிறது.

திருவிழா என்பது கார்னிவல். இப்போதைய வடிவில் 1873-இலிருந்து நடக்கிறது. பிப்ரவரி நடுவை ஒட்டித் தொடங்கும், பூ ஊர்வலத்தில் வண்டியிலிருந்து மிமோசா பூவைக் கூட்டத்தின்மேல் வீசுவார்கள். அதே சமயம் மாந்தோனில் எலுமிச்சையையும் ஆரஞ்சையும் அடுக்கியே யானை, கோயில் என்று பிரம்மாண்டமாகச் செய்து நிறுத்தும் விழா, 1934-இலிருந்து. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வாரங்களில் வாடகை ஏறும், பிரெஞ்சுப் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும், நின்றுகொண்டே பார்க்க அத்தைக்கு முட்டி ஒத்துழைக்காது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் தொடங்குவதற்கு முன்பே ஊர் திரும்பிவிடுவேன். மிமோசா ஜனவரி கடைசியிலேயே மலைச்சரிவுகளில் மஞ்சளாகப் பூத்துவிடும், அதற்கு டிக்கெட் இல்லை. சந்தையிலும் கட்டுக் கட்டாக விற்பார்கள்.

ஒன்றை முன்கூட்டியே அத்தையிடம் சொல்லிவையுங்கள்: தினம் பகல் பன்னிரண்டுக்கு நீசின் கோட்டைக் குன்றிலிருந்து வெடிச் சத்தம் கேட்கும். 1860-களில் அங்கே தங்கிய ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், அரட்டையில் நேரம் மறந்துவிடும் மனைவியை மதியச் சாப்பாட்டுக்கு வரவழைக்கப் பீரங்கி வெடிக்க ஏற்பாடு செய்தார் என்பார்கள். ஊர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. என் வீட்டுக்காரி முதல் நாள் கையிலிருந்த பையைப் போட்டுவிட்டாள். குன்றின்மேல் ஏற இலவச லிப்ட் இருக்கிறது. கோட்டை என்று பெயர்தான், 1706-இல் பதினான்காம் லூயி இடித்துத் தள்ளிவிட்டார். காட்சிக்காகப் போக வேண்டும்.

விசா: நகராட்சிச் சான்று, மகள் வீட்டில் தங்கினால்தான். அதற்கு 30 யூரோ முத்திரைக் கட்டணம், வீட்டில் இத்தனை பேருக்கு இடம் போதுமா என்றும் பார்ப்பார்கள். ஒற்றை அறைக்கு மூன்று பேர் என்றால் தலையாட்டமாட்டார்கள். நீங்கள் வாடகை வீடு எடுப்பதால் அந்த வீட்டின் முன்பதிவு போதும், மூவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறைந்தால் வாங்கமாட்டார்கள். திருவனந்தபுரத்தில் ஏறி துபாயில் மாறினால் நேரே நீசிலேயே இறங்கலாம். அத்தைக்குச் சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே எழுதச் சொல்லுங்கள். விமான நிலைய வாசலிலேயே டிராம் நிற்கும், கூட்டத்தில் பணப்பை பத்திரம்.

வீட்டு முன்பதிவில் அத்தையின் பெயரை பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்துப்படியே போடச் சொல்லுங்கள். அவர்கள் தலைமுறையில் ரேஷன் அட்டையில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்றாக இருக்கும்.